பொண்டாட்டிப் பீப்பாய்

தம்பியை வீட்டைவிட்டுத் துரத்த வேண்டும் போல் இருந்தது ஓடிலுக்கு. ஆனால் அவள் கால் முறிந்து கிடந்த நாட்களில் ஓடிவந்து, சமைத்துப் போட்டு, கோழிகளை அடைத்து, துணி துவைத்தவன் ரெமிதான். நல்லது செய்யப் போய் அப்படி ஒரு காரியத்தையும் செய்துவிட்டு, மதியச் சாப்பாட்டின்போது அதைப் பெருமையாக வேறு சொன்னான்.

"நிலவறையில அந்த மூலைப் பீப்பாய் ஒரு சாண் எறங்கிக் கெடந்துச்சுக்கா. துக்கத்துல நீ கவனிக்காம விட்டுட்டே போல. குடுவையில இருந்த புது ஒயினை ஊத்தி, விளிம்பு வரைக்கும் நிரப்பிட்டேன்."

அவன்மேலும் தப்பில்லை. அக்காவும் தம்பியும் பிறந்து வளர்ந்தது பர்கண்டியில். அந்தப் பக்கத்தில் பீப்பாயைக் குறைய விடுகிறவனுக்குப் பெண்கூடக் கொடுக்க மாட்டார்கள். ஓடில் வாழ்க்கைப்பட்டு வந்த ஜுரா மலைப்பக்கத்திலோ எல்லாம் நேர்மாறு. மஞ்சள் ஒயினுக்கென்று ஒதுக்கிய பீப்பாயை ஆறு வருஷத்துக்கு ஒருவரும் தொடக் கூடாது. மட்டம் தானாக இறங்கும், மேலே பாலாடை மாதிரி ஓர் ஆடை படரும், அதன் அடியில் ஒயின் மெல்ல மஞ்சளாகும். ஆடை கிழிந்தால் எல்லாம் போச்சு.

அதுவோ அவள் கணவன் லெயோன்ஸ் போட்ட கடைசிப் பீப்பாய். கிழட்டுக் கொடிகளின் வெள்ளைப் பழத்தைப் பிழிந்து உள்ளே விட்டதோடு அவன் வேலை முடிந்தது. எதையும் சேர்க்க மாட்டான், எதையும் வடிகட்ட மாட்டான். ஒயினுக்கே தெரியும், நடுவில் நாம் எதற்கு என்பான். ஊரில் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். அந்த அறுவடை முடிந்த குளிர்காலத்தில் அவன் போய்ச் சேர்ந்தான். தோட்டத்தைப் பக்கத்து வீட்டு ஃபிர்மேனுக்குக் குத்தகைக்கு விட்டவள், இந்தப் பீப்பாயை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கெடு முடிந்து திறக்கும் நாளில், அவன் கைப்பக்குவம் ஒரே ஒரு முறையாவது வீடு திரும்பும் என்று காத்திருந்தாள்.

"நிரப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் அவனோடு பேசவே இல்லை. ரெமி ஃபிர்மேனிடம் போய் விஷயத்தைத் தெரிந்துகொண்டு, முகம் வெளுத்துத் திரும்பினான். அவள் ஊன்றுகோலோடு நடமாடத் தொடங்கிய அன்றே, சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

கொடிகள் துளிர்விட்ட பிறகு ஒருநாள் ஃபிர்மேன் வந்தான். ஓடிலால் படி இறங்க முடியாததால் அவனே நிலவறைக்குப் போய், ஒரு கோப்பையில் கொஞ்சம் எடுத்துவந்து மேஜையில் வைத்தான்.

"ஆடை மூழ்கிப்போச்சு, ஓடில். இனிமே இது மஞ்சளா வராது. பாட்டில்ல அடைச்சிடு. இல்லேன்னா உன் தம்பி செஞ்ச மாதிரி நிரப்பிக்கிட்டே இருக்கணும். குடிச்சுத்தான் பாரேன். உன் புருஷன் சரக்குதானே."

வேண்டாவெறுப்பாக ஒரு வாய் குடித்தாள். எலுமிச்சை, காய் ஆப்பிள், கடைசியில் லேசாக வாதுமைக்கொட்டை வாசம். இன்னொரு வாய் குடித்தாள்.

இந்த ருசி அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டு விருந்தில் மஞ்சள் ஒயினைக் குடித்துவிட்டு அவள் முகத்தைச் சுளித்தாள். மேஜையே சிரித்தது, லெயோன்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் அவளுக்கென்று ஒரு சின்னப் பீப்பாயைத் தனியாக வைத்து, அவள் பிறந்த ஊர் வழக்கப்படி கூஜாவும் கையுமாக இறங்கி நிரப்பிவந்தான். அதிலும் பாதி நாள் மறந்துவிடுவான். அதனால் அவள் ஒயினிலும் இந்த ஊர் மஞ்சள் ஒயினின் வாதுமை வாசம் கொஞ்சம் ஏறிக்கொண்டது. பொண்டாட்டிப் பீப்பாய்க்குப் பால் ஊட்டியாச்சா என்று மதுக்கடையில் அவனைப் பார்க்கிறவனெல்லாம் கேட்டான். அவனை ஊர் கேலி பேசுவது பொறுக்காமல், மஞ்சள் ஒயின் பழகிவிட்டது என்று ஒருநாள் பொய் சொன்னாள். நம்பினானோ, நம்பியது போல் இருந்தானோ, அதோடு அந்தப் பீப்பாய் நின்றுபோனது. அதன்பிறகு ஒவ்வொரு பண்டிகைக்கும் பாலாடைக்கட்டியோடு மஞ்சள் ஒயினைக் குடித்து, ஆகா ஓகோ என்று சொல்லியே அவள் வயது போய்விட்டது. இந்த ருசி இருந்ததையே மறந்துவிட்டிருந்தாள்.

"கெட்டுப்போச்சா?" என்றான் ஃபிர்மேன்.

அவள் இல்லையென்று தலையாட்டிவிட்டு, அவன் எதிரிலேயே வாய்விட்டு அழுதாள். அவன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அன்று மாலை தம்பிக்கு போன் போட்டாள். அவன் எடுத்ததும் மன்னிப்பில் தொடங்கினான்.

"அதெல்லாம் கெடக்கட்டும். பீப்பாய் மறுபடி கொறைஞ்சிருக்காம். என்னால படி எறங்க முடியல. ஞாயித்துக்கிழமை வந்து நிரப்பிட்டுப் போ."

"இனிமே வாராவாரம் வந்துடறேன்க்கா."

"வாராவாரம் வேண்டாம்" என்றாள் ஓடில். "அப்பப்போ மறந்துட்டு வா."