ஆறாத ஹெட்

படகு எஞ்சினுக்கு எந்தச் சிலிண்டர் ஹெட்டைப் போடுவது என்று யோசித்தே ஒரு மனிதன் மூன்று நாள் தூக்கத்தைத் தொலைப்பானா? மெக்கானிக் தொலைத்தான். ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற வாய்க்காரன், சொந்த அண்ணனின் படகு என்றதும் வாயடைத்துப் போனான்.

பட்டறை மேசையில் இரண்டு ஹெட் கிடந்தன, எஞ்சினின் தலையை மூடும் கனத்த இரும்பு மூடிகள். ஒன்று எஞ்சினோடு வந்த பழசு. விரிசல் இருந்தால் வெல்டிங் வைத்து ஒட்டி, அடிமுகத்தைச் சீவிச் சமமாக்கி, வால்வு மாற்றினால் திரும்பப் போடலாம். இன்னொன்று வேறு கம்பெனி செய்த புத்தம் புதுசு.

மூன்று வாரத்துக்கு முன் அண்ணன் தனியாகக் கடலுக்குப் போனார். இரண்டு நாள் கழித்துப் படகு மட்டும் திரும்பியது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, துறைச் சுவரை முட்டிக்கொண்டு நின்றது. தேடப் போனவர்கள் கையை விரித்துவிட்டார்கள். இனி அந்தப் படகை ஓட்டப் போவது அண்ணிதான்.

மெக்கானிக் பழைய ஹெட்டைக் கழுவி, முகத்தில் சாக்பீஸ் பூசி, தண்ணீர் ஓடும் துளைகளில் மண்ணெண்ணெய் ஊற்றினான். விரிசல் இருந்தால் வெள்ளையில் ஈரக்கோடு தெரியும். தெரிந்தது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. இந்த ஹெட்டோடு எஞ்சின் அரை மணி நேரம்கூட ஓடியிருக்க முடியாது. பிறகு எது படகைக் கரைக்குக் கொண்டுவந்தது?

அதைவிட மோசம், அது ஆறவே இல்லை. கழற்றி மூன்று நாளாகியும், இப்போதுதான் எஞ்சினை அணைத்ததுபோல் வெதுவெதுவென்று இருந்தது. வெயிலென்று நினைத்து நிழலுக்கு மாற்றினான். தண்ணீர் ஊற்றினான். ஒன்றும் நடக்கவில்லை. 

"பழசையே சரிபண்ணிப் போட்டுடு தம்பி," என்றார் பட்டறைக்கு வந்திருந்த அண்ணி.

"வேணாம் அண்ணி. பாதிக் கடல்ல ஒட்டு விட்டுடுச்சுன்னா? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அண்ணி உள்ளங்கையை இரும்பின்மேல் வைத்தார். "இன்னும் சூடு இருக்குப்பா. அப்ப அவரு இன்னும் வந்துக்கிட்டுத்தானே இருக்காரு?"

மெக்கானிக்கும் அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவன்தான். ஆனாலும் இருக்கிற ஒருத்தரையும் கடலுக்குக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. பட்டறையில் இறக்கி வைத்திருந்த எஞ்சின்மேல் புதுசைத் தூக்கி வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினான். அண்ணி தடுக்கவில்லை.

முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. துளி புகையில்லை, உதறலில்லை.

"பாத்தீங்களா அண்ணி, எப்படி ஓடுதுன்னு!" என்று சிரித்துக்கொண்டே திரும்பினான்.

அண்ணியின் கை இன்னமும் பழைய ஹெட்டின் மேல்தான் இருந்தது.

"ஆறிடுச்சுப்பா," என்றார். மூன்று வாரம் கழித்து, அப்போதுதான், புருஷனுக்காக வாய்விட்டு அழுதார்.