சரியாகக் கேட்கவில்லை

காகெண்டோ என்ற பெண்ணின் மூன்றாம் மாடி அறையில் ஒலிக்கும் எதையும் 'இது எதன் சத்தம்?' என்று யாரும் கேட்பதில்லை. அதை ஆக்கியவரும் சொல்வதில்லை. இப்படி ஒரு விதி இருப்பதாக யாரும் எழுதி ஒட்டவில்லை. ஞாயிறு பிற்பகல்களில் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு இருபது முப்பது பேர் இருட்டில் அமர்ந்து கேட்பார்கள். ஒருவர் பேருந்தின் பிரேக் சத்தத்தைப் பதிவு செய்து, கணினியில் அறுபது மடங்கு நீட்டிக் கொண்டுவந்திருக்கலாம். இன்னொருவர் கோழிச் சந்தையின் இரைச்சலைத் துண்டாடித் தலைகீழாக ஓட்டியிருக்கலாம். அது அவரவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். பிறகு விளக்கைப் போட்டுத் தேநீரும் எண்ணெயில் பொரித்த சூடான மண்டாசியும் கொடுப்பார்கள். அப்போது 'ஈரமான கல்லைத் தடவின மாதிரி இருந்தது' என்று சொல்லலாம். எதைப் போல இருந்தது என்பதைத்தான் பேசலாம். எது என்பதைப் பேசக் கூடாது. புதிதாக வந்த ஒருவர் ஒருமுறை, "இது மிக்ஸி ஓடுற சத்தந்தானே?" என்று கேட்டுவிட்டார். யாரும் கடிந்துகொள்ளவில்லை. அவருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து அழைப்புச் செய்தி மட்டும் அவருக்குப் போகவில்லை.

அந்த விதியை மற்ற எல்லோரையும்விட நன்றாக அறிந்தவன் முசெம்பி. அவனுடைய குரல் களவு போனதும், களவு என்று தெரியாமலே புகழ் பெற்றதும் அதன் நிழலில்தான்.

முசெம்பிக்கு நைரோபியின் லுத்துலி அவென்யூவில் ஒலிபெருக்கி பழுதுபார்க்கும் கடை. கதவளவு அகலம்தான் இருக்கும். பழுதுபார்ப்பவர் எல்லோரையும் அழைப்பதுபோல அவனையும் 'ஃபுண்டி' என்றே அழைப்பார்கள். அவனுக்குத் திக்குவாய். திக்குவதை அவன் பெரிதாக நினைப்பதில்லை. சொல்லின் முதல் எழுத்தில் அவன் தடுக்கி நிற்கும்போது எதிரே நிற்பவர் அவசரமாக அந்தச் சொல்லை முடித்துக் கொடுப்பாரே, அதைத்தான் அவனால் பொறுக்க முடியாது. தன் வாயிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும்.

சென்ற ஆண்டு, பழுது நீக்கிய ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்க்க ஒரு பெண் தன் கைபேசியிலிருந்து ஓர் இசையை ஓடவிட்டாள். தகரக் கூரையில் மழை தொடங்குவதுபோல் இருந்தது. மழை துளித்துளியாகப் பிரிந்தது; துளிகள் படிக்கட்டில் இறங்குவதுபோல் அடுக்கடுக்காகத் தாழ்ந்தன. முசெம்பியின் கையிலிருந்த திருப்புளி அப்படியே நின்றது. ஒவ்வொரு துளியும் ஒரு 'கெ'. மூன்றாவது துளிக்கு முன்னால் மூக்கு வழியே உள்ளிழுத்த மூச்சு. அதைத் தொடர்ந்து தொண்டையில் ஒரு சிறு சொடுக்கு. முப்பத்து நான்கு ஆண்டுகளாகத் தன்னோடு வாழும் தடுமாற்றத்தை ஒருவன் அறியாமல் இருப்பானா?

"இ-இது யாரோடது?"

"வண்டேராவோடது, ஃபுண்டி. 'மழைப் படிக்கட்டு'ன்னு பேரு. ஐரோப்பாவுலகூட போட்டுக் காட்டினாங்களாம். நல்லாருக்கில்ல?"

அப்போது அந்த முகம் அவன் நினைவுக்கு வந்தது. கழுத்தில் ஹெட்போன் தொங்க, கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கெட்டுப்போன ஒலிபெருக்கியை நீட்டி, "இதுல என்ன போச்சு, ஃபுண்டி?" என்று கேட்ட இளைஞன். முசெம்பி சொன்னான்: கெ-கெ-கெப்பாசிட்டர். "என்ன? சரியா கேக்கல." மறுபடி சொன்னான். "தெரு ஒரே சத்தம், இன்னொரு தடவ சொல்லுங்க." இன்னொரு முறை. "என்னது?" நான்காவது முறை, பாவம், காது மந்தம்போல என்று இரக்கப்பட்டு, வியர்க்க வியர்க்க உரக்கச் சொன்னான். அந்த இரக்கத்தை ஏமாற்றி வாங்கியதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. திருடியதையாவது ஒருவேளை மன்னித்திருப்பான்.

பழிவாங்குவதற்காகவே ஒலி மென்பொருளைக் கற்றுக்கொண்டான். 'மழைப் படிக்கட்டை' அதில் ஏற்றி, நீட்டியதைச் சுருக்கி, தாழ்த்தியதை உயர்த்தி, எதிரொலிகளை ஒவ்வொன்றாக உரித்தெடுத்தான். மூன்று வாரம் போனபின் எல்லாம் கழன்று, அவனுடைய நான்கு முயற்சிகளும் அம்மணமாக நின்றன. அதை ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு அழித்தான். ஒலியை எப்படியெல்லாம் மறைக்கலாம் என்பது அதற்குள் அவனுக்குக் கைவந்துவிட்டது.

வண்டேரா ஞாயிறுதோறும் வரும் காகெண்டோவின் அறைக்குள் நுழைவது எளிதாக இருந்தது. அங்கிருந்த ஒலிபெருக்கிகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் நோயாளிகள். அவன் அவற்றைச் சரிசெய்தான். வாரந்தோறும் ஒலிக்கலவைக் கருவியின் முன்னால் உட்கார்ந்தான். எட்டு மாதம் வாயே திறக்கவில்லை. தலையசைப்பும் கட்டைவிரலும் போதுமாக இருந்தன. "நம்ம ஃபுண்டிக்குக் காது மட்டுந்தான், வாயை வீட்லயே வச்சுட்டு வந்துடுவாரு" என்று வண்டேராவே கேலி செய்தான். அவனுக்கு முசெம்பியின் முகம் நினைவில்லை. அன்று கடையில் அவன் முகத்தைப் பார்க்க வரவில்லையே.

ஒரு ஞாயிறு, கூட்டம் வருவதற்கு முன், வண்டேரா ஒலிவாங்கியைச் சோதித்துக்கொண்டிருந்தான்.

"ஹலோ, ஹலோ. கேக்குதா?"

முசெம்பி காதைத் தொட்டுக்காட்டித் தலையை ஆட்டினான். இல்லை.

"இப்ப? கேக்குதா?"

இல்லை.

"கேக்குதாய்யா? காதுல என்ன, உகாலிக் களியக் கிண்டி அடைச்சு வச்சிருக்கியா?"

தேநீர்ப் பாத்திரத்தோடு நின்ற காகெண்டோ, "மெதுவாப் பேசு தம்பி, மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும்" என்றாள்.

"மெஷின்ல இல்லக்கா, மனுஷன்லதான் கோளாறு! செவிட்டு ஆளை மிக்ஸர்ல உக்கார வச்சா வேற எப்படி இருக்கும்? கேக்குதா? கேக்குதா?" குரல் உடைந்து இருமினான். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயா, சாமி, கேக்குதுன்னு ஒரு தடவ தலையை ஆட்டித் தொலைங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

முசெம்பி எதையோ திருகுவதுபோல் பாவனை செய்து, கட்டைவிரலை உயர்த்தினான். கருவியில் எந்தக் கோளாறும் இல்லை. முதல் 'ஹலோ'விலிருந்தே பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஒலியைக் கொண்டு வண்டேராவைக் கோமாளியாக்குவது எளிது. வேகத்தைக் கூட்டினால் குரங்கு, குறைத்தால் குடிகாரன். அவன் அதைச் செய்யவில்லை. கோமாளியைப் பார்த்துக் கூட்டம் சிரிக்கும், வண்டேராவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விடுவான். அவனுக்கு வேண்டியிருந்தது வண்டேராவின் பாராட்டு. தன் கெஞ்சலைத் தானே அழகென்று அவன் எல்லோர் முன்பும் புகழ வேண்டும்; புகழ்ந்த வாய் மூடுவதற்குள் அது என்னவென்று அவனுக்குத் தெரிய வேண்டும். ஆகவே முசெம்பி இரண்டு மாதம் அக்குரலை ஒரு பொற்கொல்லனைப் போல உருக்கினான். 'கேக்குதா'வின் கடைசி நெடிலை நாற்பது மடங்கு நீட்டினான். உடைந்த இடத்தை வெட்டியெடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினாறு அடுக்கு வைத்தான். ஒவ்வொரு நாளும் அது இன்னும் அழகாயிற்று. அவனுடைய வெறுப்பில் ஒரு குன்றிமணியும் குறையவில்லை.

அந்த ஞாயிறும் வந்தது. "இன்னைக்கு நம்ம ஃபுண்டியோட முதல் படைப்பு" என்று சொல்லிவிட்டுக் காகெண்டோ விளக்கை அணைத்தாள்.

பதினோரு நிமிடம். முதலில் தரைக்கடியிலிருந்து ஒரு முனகல். அது எழுந்து, வளைந்து, சுவர்களில் உரசியது. நடுவில் ஓர் உயிர் மூச்சுத் திணறியது. பிறகு பதினாறு குரல்கள் ஒன்றாகப் பிளந்து, ஒவ்வொன்றாக அடங்கின. விளக்கு வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

"கிணத்துக்குள்ள யாரோ கதவைத் தேடுற மாதிரி இருந்துச்சு" என்றாள் ஒருத்தி.

வண்டேரா எழுந்தே நின்றுவிட்டான். "எனக்கு ஒரு மிருகம் மாதிரி பட்டுச்சு. தோத்துப்போன மிருகம். கூண்டைத் தொறக்கச் சொல்லிக் கெஞ்சுது, ஆனா தான் கெஞ்சுறோம்னு அதுக்கே தெரியல. ஃபுண்டி, சத்தியமாச் சொல்றேன், இதை நான் பண்ணலையேன்னு பொறாமையா இருக்கு. பேர் என்ன வச்சிருக்கீங்க?"

பெயரைக் கேட்கலாம், அதற்கு விதியில் இடம் உண்டு. எல்லோரும் முசெம்பியைப் பார்த்தார்கள்.

அவன் வேறு வழியும் ஒன்று வைத்திருந்தான். பொத்தானை அழுத்தினால் போதும்: வண்டேராவின் அசல் குரல், வசவும் கும்பிடுமாக, நான்கு மூலையிலிருந்தும் கிளம்பும். விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. ஆனால் இயந்திரம் பேசினால், அவனுடைய சொல்லை மறுபடியும் வேறொன்று முடித்துக் கொடுத்ததாகிவிடும். பேசினாலோ, இத்தனை பேர் நடுவில், முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வான். அவன் விரலை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"இது வ-வ-வ..."

அந்த அறை அவன் குரலை முதல்முறையாகக் கேட்டது. மூன்றாவது 'வ'வுக்கு முன் அவன் மூக்கால் மூச்சிழுத்தான், தொண்டை சொடுக்கியது. வண்டேராவின் முகம் வெளுத்தது. அந்தச் சொடுக்கை மாதக்கணக்கில் வெட்டி ஒட்டியவன் அல்லவா அவன்? எட்டு மாதமாக முசெம்பி காத்திருந்தது இந்த முகத்துக்காகத்தான். அதைக் கண்ணெடுக்காமல் பார்த்தான்.

"வண்டியா? வண்டின்னு பேரா?" வண்டேரா அவசரமாகச் சிரித்தான். "நல்ல பேருதான். சரி, வாங்க, டீ ஆறிடும்."

"இ-இல்ல. நா-நானே முடிக்கிறேன். பே-பேரச் சொல்லல. ச-சத்தத்தச் சொல்றேன்."

"ஃபுண்டி." காகெண்டோ பதறினாள். "வேணாம். இங்க அதைச் சொல்ற வழக்கமில்ல."

"தெ-தெரியும்க்கா." அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. சொல் தொண்டையில் நின்றது. அறையில் ஒருவரும் அதை முடித்துக் கொடுக்க முன்வரவில்லை. அவன் அவசரப்படாமல் அதை இழுத்து வெளியே கொண்டுவந்தான். "இது வ-வண்டேராவோட குரல். க-கேக்குதா, கேக்குதான்னு என்கிட்ட கெ-கெஞ்சினது. ந-நான் கேக்கலன்னு சொல்லிச் சொல்லிப் பு-புடிச்சேன். எப்படிப் பு-புடிக்கிறதுன்னு அவன்கிட்டதான் க-கத்துக்கிட்டேன். 'ம-மழைப் படிக்கட்டு'ல மழையே இல்ல. அ-அது என் வாய்."