முப்பத்தொன்பதாவது புள்ளி

எங்கள் சபைப் பாடகர் குழுவில் யாருக்கு யார் நெருக்கம் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. நட்பு வலைப்பின்னல்களை ஆராய்வதாக விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். உண்மையில் நான் அறிய விரும்பியது ஒன்றே ஒன்றுதான்: கனத்த ஆண்குரலான பேஸ் வரிசையில் பாடும் ஷிபுவுக்கு என்மேல் ஏதாவது இருக்கிறதா, இல்லையா? நேரில் கேட்கத் தைரியமில்லாமல் நான்கு பக்க வினாத்தாள் தயாரித்தேன். இருபத்தெட்டு வயதில் வேறெவளும் இவ்வளவு சுற்றி வளைத்துக் காதலித்திருக்க மாட்டாள்.

அவசரமும் இருந்தது. அடுத்த வார ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஷிபுவின் அம்மா அஞ்சுகிராமத்துக்குப் பெண் பார்க்கப் போகிறார். உச்சக் குரலில் சோப்ரானோ பாடும் ஜெபகனி அக்கா சொன்ன தகவல்.

வினாத்தாளில் குழுவினர் பெயர்கள் வரிசையாக இருக்கும். மனசுவிட்டுப் பேசுகிறவர்கள் பெயருக்கு நேரே டிக் போட வேண்டும். அந்தச் சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்ததும் முப்பத்தெட்டு பேரிடமும் வாங்கிவிட்டேன். நானும் ஆல்டோ பாடுகிறவள்தானே என்று முப்பத்தொன்பதாவதாக என் தாளையும் நிரப்பினேன். ஷிபு பெயருக்கு நேரே போட்ட டிக்கில் தாள் கிழிந்தேவிட்டது.

கணினி படம் வரைந்து தந்தது. ஆளுக்கொரு புள்ளி, டிக்குக்கு ஓர் அம்பு. ஜெபகனி அக்காவின் புள்ளியில் இருபத்தாறு அம்புகள் வந்து சேர்ந்திருந்தன. சுருதி என்றால் என்னவென்றே தெரியாத ஜெபிஷுக்குக்கூட ஒன்பது. என் புள்ளியிலிருந்து பதினொரு அம்புகள் வெளியே போயிருந்தன. உள்ளே வந்தது பூஜ்யம்.

ஆய்வாளர் என்ற முறையில் முதலில் கணக்கைச் சரிபார்த்தேன். பிறகு அழுதேன். நான்கு வருடமாகக் குழுச் செயலாளர் நான். தொண்டை கட்டியவர்களுக்கெல்லாம் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்த கை இது.

என் நெறியாளர் பூங்கனி மேடம் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எத்தனைன்னு எண்ணிக்கை சொல்லும் பிரிஜா. ஏன்னு சொல்லாது. இனி ஆட்கள்கிட்ட உக்காந்து பேசணும். இந்தத் தனிப்புள்ளி யாரு? அவங்ககிட்ட இருந்தே தொடங்கு."

"அவங்க பேசுற நிலைமையில இல்ல மேடம்."

"அப்போ அவங்க டிக் போட்ட ஆள்கிட்டப் பேசு."

பதினொரு பேரில் யாரிடம் தொடங்கினேன் என்று சொல்லத் தேவையில்லை.

குழித்துறையில் ஷிபு வேலை பார்க்கும் பம்புசெட் கடைக்கு எதிரே ஒரு டீக்கடை. இரண்டு டீ, ஒரு தட்டு பழம்பொரி. நடுவில் கைப்பேசியைப் பதிவு செய்ய வைத்தேன்.

"இந்த ஆய்வில் பங்கேற்கச் சம்மதிக்கிறீர்களா?" என்று தாளைப் பார்த்து வாசித்தேன்.

"சண்டே ஸ்கூல்ல ஒண்ணா படிச்ச ஆள்ட்ட என்ன 'கிறீர்களா'? சும்மா கேளு மக்கா."

"ஏழு பேருக்கு டிக் போட்டிருக்க. வேற யாரும் விட்டுப்போச்சா?"

"ஒரு ஆளு உண்டு. லிஸ்டில இல்ல."

"யாரு?"

"லிஸ்டில இல்லாத ஆளை எழுதலாமான்னு அன்னைக்கே கேட்டேன். எழுதப்பிடாது, கணக்கு கெட்டுப்போவும்னு நீதானே ஏசின?"

"சரி, யாரு அது?"

"உனக்க பேரு அதுல எங்க இருக்கு?"

பையிலிருந்து வினாத்தாளை எடுத்தேன். ஆல்டோ வரிசையை மூன்று முறை படித்தேன். நான் இல்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்த பட்டியல் அது. அந்தப் பதிவேட்டை எழுதுகிறவள் நான். எல்லோரையும் "வந்தியா?" என்று கேட்டுக் குறிக்கிறவள் தன் பெயரை எழுதியதே இல்லை.

"வேற ஒருத்தர்கூடச் சொல்லலியே!"

"ஜெபகனி அக்கா கவனிச்சாவ. ஆராய்ச்சி பண்ணுகவளயே எழுதினா ஐஸ் வைக்கிய மாதிரி இருக்கும்னு அவியளே முடிவு பண்ணிட்டாவ. பின்ன எல்லாரும் விட்டாச்சு."

என்னிடம் இருபத்திரண்டு கேள்விகள் இருந்தன. இந்த இடத்துக்கு எதுவும் பொருந்தவில்லை. வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"அந்த நபரோட உள்ள நெருக்கத்துக்கு ஒண்ணு முதல் அஞ்சு வரை எத்தனை மதிப்பெண் குடுப்ப?"

ஷிபு கடித்த பழம்பொரியைத் தட்டில் வைத்தான்.

"ஏட்டி, முதல்ல அந்தப் போனை அணை."

அணைத்தேன்.

"அஞ்சுகிராமம் வேண்டாம்னு மூணு நாளா அம்மைட்டச் சொல்லுகேன். பின்ன யாருன்னு கேக்காவ. உனக்க பேரைச் சொல்லட்டா?"

"சொல்லு" என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. டீ ஆற்றுகிறவர் திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு முறை சொன்னேன்.

பேட்டியையும் கணக்கெடுப்பையும் சேர்த்தே தள்ளுபடி செய்துவிட்டார் பூங்கனி மேடம். என் பெயரையும் சேர்த்து மறுபடி முப்பத்தெட்டு பேரிடமும் வாங்க வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் ஷிபுவின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். துணைக்கு ஜெபகனி அக்கா.

"அவனுக்கு உன்மேல ஒரு கண்ணுன்னு எனக்குப் போன கிறிஸ்துமஸுக்கே தெரியும்" என்றார் அக்கா, முறுக்கை ஒடித்தபடி.

"பின்ன ஏன் அக்கா எனக்கிட்டச் சொல்லல்ல?"

"நீ நாலு பக்கம் கேட்ட. அதைக் கேக்கலியே, மக்கா."