ஆற்றின் இந்தக் கரை

மார்ச் 12, செவ்வாய். ‘இதுவரை யாரும் ஆராய்ந்ததில்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். தேடிப் பார்த்துத்தான் எழுதினேன். ஒழுங்காகத் தேடினேனா என்பதுதான் இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நாட்குறிப்பில் இதை எழுதிய பிறகும் முட்டிந்தா பேனாவை மூடவில்லை. லுசாகாவில் மறுபடி மின்வெட்டு. மாலைக் கல்லூரி நூலகத்தில் ஒரே ஒரு பேட்டரி விளக்கு எரிந்தது. ஆய்வுத் திட்டத்தைக் காலையிலேயே வழிகாட்டி டாக்டர் கபாசோவுக்கு மின்னஞ்சலில் அனுப்பியாயிற்று. நாளை மாலை அவர் முன்னால் உட்கார வேண்டும். திருப்பி அனுப்பிவிட்டால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடமும் ஐந்து மணிக்கே விடுவார் என்று, அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடை முதலாளியிடம் எதிர்பார்க்க முடியாது. ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது புளிக்கஞ்சி. ஆற்றின் குறுக்கே கரிபா அணைக்கட்டு வந்தபோது மேட்டுக்கு விரட்டப்பட்ட அவளுடைய தோங்கா மக்கள், மழை பொய்த்தால் காட்டுப்புளியில் சாம்பல் கலந்து காய்ச்சிக் குடிப்பது. ‘ஜாம்பியாவில் தோங்கா மக்கள் பஞ்சத்தில் புளிக்கஞ்சி ஏன் குடிக்கிறார்கள்’ என்று, பக்கத்து வீட்டில் கேட்பதுபோல முழு வாக்கியமாக இணையத்தில் தட்டியிருந்தாள். எதுவும் வரவில்லை. வராததை இல்லாதது என்று எடுத்துக்கொண்டாள்.

எதிரே வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த முபிட்டா அவளுடைய திட்டத்தை இழுத்துப் படித்தான். உடன் படிப்பவன், லோசி இனத்தவன். தோங்காவும் லோசியும் கேலிமுறைக்காரர்கள். என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் வீட்டுச் சாவில் மற்றவர் வந்து கூத்தடித்துச் சிரிக்கவைப்பதும் முறை.

“ஏய் மாட்டுக்காரி, யாருமே ஆராயலயா? உங்க வீட்டு மாடு தொலைஞ்சா ஆத்துக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் தேடுவீங்களோ?”

“போடா மீன்தின்னி. உனக்கென்ன தெரியும் மாட்டப் பத்தி?”

“மாடு தெரியாது. நீ ஜாம்பியான்னு போட்டுத் தேடியிருக்க பாரு, அது தெரியுது. உங்க ஆளுங்கள விரட்டினப்ப ஜாம்பியான்னு ஒரு நாடே கிடையாதே.”

சிரிக்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அம்மாவின் தங்கை பிங்காவில் இருக்கிறாள், அணை ஏரிக்கு அந்தப் பக்கம், ஜிம்பாப்வேயில். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறாள். அதே புளி, அதே சாம்பல். சொந்தச் சித்தியை வெளியே நிறுத்திவிட்டல்லவா தேடியிருக்கிறாள்.

புதிய தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஆறுபோல ஒரு நெளிகோடு இழுத்தாள். இடப்பக்கம் இக்கரை நாட்டின் இன்றைய பெயரும் வெள்ளையர் ஆட்சிக்காலப் பெயரும். வலப்பக்கம் அக்கரை நாட்டுக்கும் அதேபோல இரண்டு பெயர்கள். கோட்டின் மேலேயே கஞ்சியை எழுதினாள், பக்கத்தில் புளியின் தாவரப் பெயர், பஞ்ச உணவு, காட்டுக்கனி. ஒரு கரையிலிருந்து ஒரு பெயர், நடுவிலிருந்து ஒரு சொல் என்று சேர்த்துச் சேர்த்துக் கைப்பேசியில் போட்டாள். மூன்றாவது சேர்க்கையிலேயே வந்தது. தென்கரைப் பஞ்ச உணவு பற்றிய கட்டுரை. அம்மா பிறக்கும் முன்னே அச்சானது. சுருக்கத்தில் புளி இருந்தது, சாம்பலும் இருந்தது.

“முபிட்டா, அப்ப என் கேள்வி செத்துப்போச்சா?”

“செத்திருந்தா சாவுவீட்டுல வந்து கூத்தடிக்க வேண்டியது நான்தானே? இன்னும் சொல்லியனுப்பலயே.” கடலையை அவள் பக்கம் தள்ளினான். “முழுசாப் படி. அவங்க எத விட்டிருக்காங்கன்னு பாரு.”

“ஒண்ணுமே விடலன்னா?”

அவன் இன்னொரு கடலையை உடைத்தான். கடலைத்தோல் ஒன்று பறந்துவந்து தாளில், கோட்டுக்கு வலப்புறம் விழுந்தது. அவள் அதை ஊதிவிடவில்லை. விளக்கு மங்கத் தொடங்கியதும் நாட்குறிப்பை அருகே இழுத்தாள்.

நாளை: கடை திறக்கும் முன் டாக்டர் கபாசோவுக்கு எழுதி ‘யாரும் ஆராய்ந்ததில்லை’ என்ற வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்ல வேண்டும். பிறகு தென்கரைக் கட்டுரையை முதலிலிருந்து படிக்க வேண்டும்.