வயலுக்கான பை

டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்காகக் குத்தாலம் பக்கம் செடி சேகரிக்க வந்த சுடர்விழிக்கு, எது எங்கே முளைத்தது என்பதுதான் முக்கியம். ஒரே ஆரைக்கீரை வாய்க்காலில் ஒரு மாதிரி இருக்கும், வயலில் வேறு மாதிரி இருக்கும். அதனால் இடத்துக்கு ஒரு பை வைத்திருந்தாள். குளம், வாய்க்கால், வரப்பு எல்லாம் முடிந்து வயல் மட்டும் பாக்கி.

"தாராளமா இறங்குங்க மேடம்," என்றார் வயல்காரர் இராஜாங்கம்.

கூட வந்த ரஞ்சித் பையோடு வரப்பில் நிற்க, அவள் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். குனிந்தவள் அந்தக் கோடியில்தான் நிமிர்ந்தாள்.

"செடி எங்க?" என்றான் ரஞ்சித்.

கையில் சேறுதான் இருந்தது. பள்ளிக்கூட லீவெல்லாம் அம்மாவோடு களை எடுத்த கை. பழக்கதோஷத்தில் பிடுங்கியதை எல்லாம் காலடியில் போட்டு, சேற்றுக்குள் மிதித்துவிட்டிருந்தாள். அவள் வந்த வழியில் நெல்லைத் தவிர ஒன்றுமில்லை. டாக்டர் பட்டம் ஒன்றுதான் குறைச்சல் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இராஜாங்கம் அவள் களை எடுத்திருந்த பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல கை. யார் வீட்டுப் பொண்ணு?"

"அம்சம் பொண்ணுங்க. உங்க வயல்ல களையெடுக்க வருவாங்களே."

"அதானே பார்த்தேன்," என்று சிரித்தார். "அப்படியே அந்த ஓரத்தையும் எடுத்துட்டுப் போ."

சுடர்விழி ரஞ்சித்திடம் பையை வாங்கிக்கொண்டு அந்த ஓரத்துக்குப் போனாள். ஒரே ஒரு ஆரைக்கீரையை வேரோடு எடுத்துப் பையில் போட்டாள். மீதிக் களையை அப்படியே விட்டுவிட்டு வரப்பேறினாள்.