இஞ்சி பீரில் ஏறிய காடி

சித்திரையில் லீவில் வருவதாக அரவிந்த்குமார் சொன்ன அன்றே தேவிப்ரியா பரணிலிருந்து அவன் சாமான்களை இறக்கினாள். இரண்டு வருடத்துக்கு முன், கத்தாருக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம், அவன் இஞ்சி பீர் போட்ட பெரிய கண்ணாடிச் சாடி, பதினோரு பாட்டில், ஒரு பிளாஸ்டிக் டியூப். பேர்தான் பீர். இஞ்சியும் சர்க்கரையும் எலுமிச்சையும் நாலு நாள் நுரைத்து நாக்கில் சுர்ரென்று ஏறும், அவ்வளவுதான். புருஷன் வந்திறங்கியதும் கையில் ஒரு கிளாஸ் கொடுக்க அவளுக்கு ஆசை. கை பழகட்டும் என்று முன்கூட்டியே ஒரு தடவை போட்டுப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் திறந்தால் வினிகர் மாதிரிப் புளித்த காடி நெடி. மேலே வழவழவென்று ஆடை.

போனில் அவனிடம் சொன்னாள்.

"சாமானை எப்புடிக் கழுவுன?"

"சோப்புப் போட்டு நல்லாத்தாங்க கழுவுனேன்."

"அழுக்குப் போனா மட்டும் பத்தாது தேவி, கிருமி சாகணும். பாட்டிலக் கொதிக்க வையி. சாடிய மொதல்ல வெதுவெதுன்னு சூடு பண்ணிட்டு, அப்பறம் சுடுதண்ணி ஊத்து, இல்லாட்டி விரிஞ்சிரும். டியூப்பத் தூக்கிப் போட்டுரு. உள்ள கீறல் விழுந்திருக்கும், எத்தன கழுவுனாலும் போகாது."

எல்லாம் செய்தாள். டியூப்பைப் போட மட்டும் மனசு வரவில்லை. சாடியிலிருந்து பாட்டிலுக்கு இறக்கும்போது அவன் அதன் முனையை வாயில் வைத்து உறிஞ்சுவான். முனையில் அவன் பல் தடம் இருந்தது. அவன் சட்டைகளில்கூட இப்போது சோப்பு வாசம்தான் மிச்சம்.

அதையும் பாட்டில்களோடு கொதிக்க வைத்தாள். வெளுத்துத் தொளதொளத்துப் போயிற்று. பல் தடமும் அழிந்துவிட்டது. முகர்ந்தாள், அதே காடி நெடி. குப்பையில் போட்டுவிட்டு, பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ப் புதுசு வாங்கி வந்தாள்.

இந்தத் தடவை நன்றாக நுரைத்தது. பாட்டிலில் அடைத்த மறுநாள் அவன் கூப்பிட்டான். "தேவி" என்ற குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"லீவு தரல. ஆடிக்குத்தான்ங்கிறாய்ங்க. எனக்கு ரெண்டு பாட்டில் எடுத்து வையேன்."

"அம்புட்டு நாள் வச்சா வெடிச்சுப் போயிரும்ங்க."



"அப்ப நீ குடி. எப்புடி இருக்குன்னு சொல்லு."

போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூடியைத் திறந்தாள். கிளாஸில் நுரை சலசலத்து அடங்கியது. ஒரு மடக்குக் குடித்தாள். காரம் மூக்கில் ஏறிக் கண் கலங்கியது.

"நீங்க போட்டதவிட நல்லாருக்கு."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று!

"இன்னொரு மடக்குக் குடி," என்றான். "கேட்டுக்கிட்டே இருக்கேன்."