உள்ளிருந்து திறக்காத அறை

குளிர்கிடங்கின் நான்காம் அறையில் இப்போது பழம் வைப்பதில்லை. குளிரூட்டி பழுது என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறோம். பழுதாக்கியவனே மெக்கானிக்தான். பௌர்ணமியன்று பொழுது சாயும் முன் அவன் அந்த அறைக்குள் போவான். நான் வெளியே தாழ்ப்பாள் போடுவேன். அன்று மட்டும் மாலை வகுப்புக்குப் போக மாட்டேன்.

நான் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். என்னையும் அவனையும் சேர்த்துப் பார்த்த அன்றே வீட்டில் என் துணிமணியைத் தெருவில் வீசினார்கள். அவனுக்கு வீசுவதற்கும் வீடில்லை. கிடங்கு மேற்பார்வையாளரான அக்கா தன் மாடி அறையின் குறுக்கே ஒரு போர்வையைக் கட்டி, பாதியை எங்களுக்குக் கொடுத்தாள். கூடப் பிறந்தவள்கூட அப்படிச் செய்திருப்பாளா தெரியவில்லை. அவன் ஓநாயாக மாறுவான் என்று சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். "துணி கிழியுமா? அப்ப பழசப் போட்டுக்கிட்டுப் போ."

என்னை மட்டும் பார்த்துச் சிரித்தாள். "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறணும். நீ இதுக்கு வாக்கப்பட்டிருக்க. கதவ ஒழுங்காப் பூட்டு."

அவன் சிரிக்கவில்லை. "இங்க யாரையாவது கடிச்சேன்னா கெளம்பிடுவேன். நீ தடுக்கக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். நானும் கொடுத்தேன்.

கடிக்க ஆளில்லாததால் உள்ளே தன்னையே கடித்துக்கொள்வான். விடிந்ததும் அவன் முன்கைகளை உப்புத் தண்ணீரில் கழுவுவேன். தலையை என் தோளில் சாய்த்துக்கொள்வான்.

"ஒனக்கு வேற ஆளே கெடைக்கலையா?"

"தேடினேன். கெடைச்சவனெல்லாம் பகல்லயும் கடிக்கிறவனா இருக்கான்."

குளிர் அறைகளில் ஒரு விதி உண்டு. தெரியாமல் ஆள் மாட்டிக்கொண்டால் தப்பிக்க, கதவின் உட்பக்கம் ஒரு குமிழ் இருக்க வேண்டும். அழுத்தினால் எந்தத் தாழ்ப்பாளும் விட்டுவிடும். நான்காம் அறையில் அதைக் கழற்றி, ஓட்டையைத் தகடு வைத்து அடைத்திருந்தான். ஒவ்வொரு முறையும் தாழ்ப்பாள், கீல், தகடு என்று வரிசையாகப் பார்ப்பது என் வழக்கம். ஒரு பௌர்ணமியன்று அக்கா, "நான் பாத்துட்டேன், நீ போய் வாசல் கேட்டப் பூட்டு" என்றாள். போனேன்.

கேட்டில் சங்கிலியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பெட்டிகள் சரியும் சத்தம் கேட்டது. ஓடிவந்தேன். நான்காம் அறைக் கதவு திறந்து கிடந்தது. அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் கெண்டைக்காலை ஓநாய் கவ்வியிருந்தது. அவள் அலறவில்லை. சுமை தூக்குகிறவர்களை அதட்டும் அதே குரலில், "விடுடா! உள்ள போடா!" என்றாள். அது பிடியை விட்டுத் தலையைத் தூக்கியது. நான் பெட்டிவண்டியைத் தள்ளி அதை உள்ளே நெருக்கினேன், கதவைச் சாத்தி வண்டியையே முட்டுக்கொடுத்தேன். வண்டி இடித்ததில் ஒரு பெட்டி பழம் முழுக்க நசுங்கியது. அதுவும் ஏனோ நினைவிருக்கிறது.

தகட்டை எடுத்துவிட்டு அங்கே குமிழைத் திரும்ப மாட்டியவள் அக்கா. ஓநாய் கதவில் மோதியதில் அது அழுந்தித் தாழ்ப்பாள் விட்டிருந்தது.

"முன்ன வேலை செஞ்ச எடத்துல ஒருத்தன் மாட்டிக்கிட்டான்" என்றாள், நான் காலைக் கட்டும்போது. "காலையில தொறந்தோம். நகமெல்லாம் கதவுல இருந்துச்சு. உள்ளேருந்து தொறக்க முடியாத ரூமுக்குள்ள ஒரு மனுசன வச்சு என்னால பூட்ட முடியல."

"அந்த நேரத்துல நான் மனுசன் இல்லக்கா" என்றான் அவன், மறுநாள்.

"எனக்கு அது வெளங்கலடா."

அன்றே கிளம்பப் பார்த்தான். புண் ஆறட்டும் என்று கெஞ்சி நிறுத்தினேன். அது சத்தியத்தை மீறுவதா இல்லையா என்று எனக்கே தெளிவில்லை. புண் அந்த வாரமே ஆறியது. தழும்புகூட இல்லை. மொழுமொழுவென்று இருந்த காலைப் பார்த்ததும் அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அதற்கு என்ன பொருள் என்று அவனுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரிந்துவிட்டது: அடுத்த பௌர்ணமிக்கு அக்காவும் மாறுவாள்.

அடுத்த பௌர்ணமியன்று மதியம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போர்வையை விலக்கினான். நான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு வழிவிட்டு நின்றேன். அக்கா வாசற்படியை அடைத்து நின்றாள்.

"எங்க?"

"நான் இருந்தா இன்னும் கெடுதல்தான்க்கா."

"கெடுத்தாச்சே. இனிமே என்னத்தக் கெடுக்கப் போற?" குரல் உடைந்தது. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "இன்னைக்கு எனக்கு என்ன ஆகும்னு யாருடா சொல்லுவா? இவனா? இவன் புத்தகத்தப் பாத்துச் சொல்லுவான்."

அவன் என்னைப் பார்த்தான். பையை மெல்ல இறக்கி வைத்தான்.

காலியாக இருப்பது ஒரே அறை. இரண்டு பேர் உள்ளே இருந்தால் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளுமா, அவனுக்கே தெரியாது. இந்த முறை அக்காவே நின்று, குமிழைக் கழற்றித் தகட்டைப் பற்றவைக்கச் சொன்னாள். வெயில் இறங்கியதும் இருவரும் உள்ளே போனார்கள். பழைய சேலையில் அவள் சின்னதாகத் தெரிந்தாள்.

"வலிக்குமாடா?"

"வலிக்கும்க்கா. மொத எலும்புதான். பல்லக் கடிக்காதீங்க, நாக்கு மாட்டும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் தெரியாது."

அவள் தலையாட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"சாத்து" என்றான்.

எனக்கென்று இருந்த இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். சாத்தினேன்.